தளும்பிய பால்கிண்ணம்

ஏழு மலைக்கு அப்பால் ஒரு நாட்டை மகுடசேனன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், பிடித்தால் விடாத பிடிவாதம். அவர் சபையில் ஒரு வழக்கம். குறை சொல்ல வருகிறவர் விளிம்புவரை பால் ஊற்றிய கிண்ணத்தை ஏந்தித்தான் பேச வேண்டும். ஒரு சொட்டுச் சிந்தினாலும் சொல்வது பொய், மனு தள்ளுபடி.

அன்று வந்தவர் வேலாண்டி. இருபது வருஷம் ராஜாவுக்குச் சவரம் செய்த நாவிதர். மூன்று வருஷமாக நடுக்குவாதம். கை ஆடும், கால் லேசில் நகராது. கூடவே மனைவி செங்கமலம், மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டபடி.

"மகாராஜா, எனக்காக மட்டும் இல்லை. எங்கள் பக்கம் இருபது பேருக்கு இது இருக்கிறது. ஏன் வருகிறதென்று எந்த வைத்தியருக்கும் தெரியவில்லை. வைத்தியர்கள் கூடி ஆராய ஒரு வைத்தியசாலை..."

அதற்குள் பால் தரையில்.

"பொய்தான்," என்றார் மந்திரி விடங்கராயர். "அதற்கு ஆகும் பொன்னில் பட்டத்து யானையின் நெற்றிக்கு முகபடாம் செய்யலாம்."

செங்கமலம் கணக்குப் போட்டாள். மறுபடி மனுக் கொடுக்க ஒரு வருஷம் ஆகும். அதற்குள் இவருக்குக் கஞ்சிகூட விழுங்க முடியாமல் போய்விடலாம்.

"மகாராஜா, மந்திரி ஐயா பொய்யே சொல்லாதவர். அவர் ஒரு தடவை ஏந்திக் காட்டட்டும்," என்றாள்.

"தாராளமாக," என்று விடங்கராயர் நிறைந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"தங்கள் பெயரைச் சொன்னால் போதும் ஐயா. அதற்குள் இவர் தங்களுக்குக் கழுத்தோரம் சவரம் செய்துவிடுவார்."

வேலாண்டி மடியிலிருந்த சவரக் கத்தியை எடுத்தார். கத்தி ஆடியது. அவர் நாலடி தள்ளி நிற்கும்போதே மந்திரியின் பட்டெல்லாம் பால்.

"விட... விடங்..."

"ஐயா பெயரே பொய் போலிருக்கிறதே மகாராஜா," என்றாள் செங்கமலம் மெதுவாக.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடி தன் கழுத்தைத் தடவினார். இருபது வருஷத்தில் அங்கே ஒரு கீறல் விழுந்ததில்லை. சிரிப்பு நின்றது.

"இந்தக் கையை நம்பித்தானே தினமும் கண்ணை மூடி உட்கார்ந்தேன்," என்றார்.

முகபடாமுக்கு வைத்த பொன் அன்றே வைத்தியசாலைக்குப் போயிற்று. அங்கே நோயாளிகளுக்குக் காலையில் கஞ்சி ஊட்டும் வேலை விடங்கராயருக்கு.

நோய் இன்னும் தீரவில்லை. ஆனால் ஒரு வைத்தியர் கண்ட சூரணம் கை நடுக்கத்தைக் கொஞ்ச நேரம் அடக்கியது. அப்படியொரு காலையில் வேலாண்டி தானே பால் ஏந்தி அரண்மனைக்கு வந்தார்.

"வழியில் சிந்திவிட்டது மகாராஜா. பாதிதான் இருக்கிறது."

"அது போதும்," என்று ராஜா வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து சபையில் கிண்ணத்துக்குப் பாதிதான் பால்.

செங்கமலம் விளக்கேற்றும்போதெல்லாம் ராஜாவுக்காக வேண்டிக்கொள்வாள். விடங்கராயரையும் விடமாட்டாள், கஞ்சி ஊட்டும் கை அல்லவா.