கவட்டைக் கோயில்

"பொய் சொல்றான், சாமி. என் சங்கத்துல அப்படி ஒரு நாளும் நடக்கலை."

மலைமேல் மடத்துக்கு ஏறிவந்த இன்னாசிமுத்து, மூச்சு வாங்கும் முன்பே சொன்ன பேச்சு இது. வயது அறுபத்து நான்கு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு முப்பது வருஷம் தலைவர். மூன்று முறை சிறை. மண்டையில் எட்டுத் தையல்.

போன மாதம் சங்கம் இரண்டாகப் பிளந்தது. தோட்டக் குடியிருப்பில் மேல் லைன் வீட்டுக்காரர்கள் தனி, கீழ் லைன் வீட்டுக்காரர்கள் தனி. காரணம் சாதி. இரண்டு பக்கமும் அவரைக் கூப்பிடவில்லை.

மடத்துத் தலைவர் சவரிராயன் சாமிக்கு நாற்பது வயதுதான். பனிக்குள் குனிந்து கீரைப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"யார் பொய் சொன்னது?"

"கீழ் லைன் மரியதாஸ். 'முப்பது வருஷமா உங்க கூட்டத்துல எங்களுக்குத் தனி கிளாஸ்லதான் டீ வந்துச்சு தலைவரே'ங்கிறான். நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை."

"உங்களுக்கு டீ எங்க வரும்?"

"மேடைக்கு வந்துடும்."

சாமி இன்னொரு களையைப் பிடுங்கினார்.

"இப்ப என்ன வேணும், அய்யா?"

"இங்கேயே கிடந்து சாகணும்."

"சாகிறதுக்கு இவ்வளவு தூரம் ஏறணுமா?"

இன்னாசிமுத்து சிரிக்கவில்லை. "நான் செஞ்ச தப்பு என்னன்னு மட்டும் சொல்லுங்க. அது தெரியாம சாகக்கூட முடியலை."

"கோயில்ல இடப்பக்கக் கூடத்துல உட்காருங்க. ஒரு வாரம்."

அந்தக் கோயிலைச் சுற்றுவட்டத்தில் கவட்டைக் கோயில் என்பார்கள். பீடம் ஒன்றுதான். அதன் முன்னாலிருந்து, கவட்டைக் குச்சிபோல் இரண்டு நீளக் கூடங்கள் பிரிந்து போகும்.

நூற்றுப் பத்து வருஷத்துக்கு முன் கடல் கடந்து வந்த சாமியார் ஒருவர் கட்டியது. மடத்தில் சேர வந்த இரண்டு சாதிச் சீடர்களும் ஒரே கூடத்தில் முழங்காலிட மாட்டோம் என்றார்கள். அவர் யாரையும் விரட்டவில்லை. மலைக்கல்லை உடைத்து நடுவில் மூன்று ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பி, ஆளுக்கொரு கூடம் கொடுத்தார்.

இப்போது யாரும் எங்கும் உட்காரலாம். சுவர் மட்டும் நிற்கிறது.

இன்னாசிமுத்து இடப்பக்கம் உட்கார்ந்தார். கல் பெஞ்சு. பாசி வாடை. செப நேரத்தில் இந்தப் பக்கம் ஓரடி பாடினால், அந்தப் பக்கம் அடுத்த அடி பாடும். குரல் வரும். முகம் வராது.

ஏழாம் நாள் கொதித்துப்போய் வந்தார்.

"இடிங்க, சாமி, அந்தச் சுவரை. நாலு நாளா அந்தப் பக்கம் ஒருத்தர் இருமிக்கிட்டிருந்தார். அப்பறம் சத்தம் இல்லை. செத்தாரா பிழைச்சாரான்னு இங்க உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியலை. இதைக் கட்டினவன் மனுஷனா?"

"நல்ல மனுஷர். காலரா வந்தப்ப ரெண்டு பக்கத்து ஆளுங்களையும் தன் கையால கழுவி எடுத்தவர்."

"அப்பேர்ப்பட்டவர் கடைசிவரைக்கும் ஏன் இடிக்கலை?"

சாமி அவரைக் கூட்டிக்கொண்டு பீடத்துக்குப் போனார். படியேற்றி, பிரசங்கம் செய்யும் இடத்தில் ஜனங்களைப் பார்த்த மாதிரி நிறுத்தினார்.

மாலைச் செபத்துக்குத் துறவிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இன்னாசிமுத்துவின் கண்ணுக்கு இரண்டு கூடமும் ஒருசேரத் தெரிந்தன. இடப்பக்கக் கூடத்தில் ஒன்பது தலை. வலப்பக்கக் கூடத்தில் எட்டு. ஒருவரும் மறைவில் இல்லை.

"சுவர் தெரியுதா, அய்யா?"

தேடினார். நேர் எதிரே, கூடங்கள் பிரியும் இடத்தில், ஒடுக்கமாக ஒரு கல்தூண்.

"ஒரு தூண்தான் இருக்கு."

"தூண் இல்லை. அதுதான் சுவரோட முனை."

இன்னாசிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அப்போதும் தூணாகத்தான் தெரிந்தது.

"இதைக் கட்டினவர் இருபத்தாறு வருஷம் இங்க நின்னுதான் பேசினார்," என்றார் சாமி. "எல்லாரும் ஒரே குடும்பமா உட்கார்ந்து கேக்கிறாங்கன்னு மேலிடத்துக்கு வருஷா வருஷம் எழுதினார்."

"பச்சைப் பொய்."

"பொய் எழுதுற ஆள் இல்லை. கண்ணால பார்த்ததைத்தான் எழுதினார்."

இன்னாசிமுத்து தான் நிற்கும் மேடையைக் குனிந்து பார்த்தார்.

மணி அடித்தது.

"வந்து உட்காருங்க, பாட்டு தொடங்கணும்," என்று சாமி முன்னால் இறங்கிப் போனார்.

இன்னாசிமுத்து படியிறங்கினார். இடப்பக்கக் கூடத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.

தூண் அகன்றது. இன்னோர் அடி. அது சுவராயிற்று. வலப்பக்கத்து எட்டுப் பேரில் ஒருவரும் இல்லை.