தேன்பாறைப் பாட்டும் பெள்ளனின் திருத்தங்களும்

மலைத்தேன் எடுப்பவர்கள் பாறையில் தொங்கும்போது பாடுவது பயம் தெரியாமல் இருப்பதற்காக என்று ஒரு நம்பிக்கை சமவெளியில் நிலவுகிறது. இது தவறு. சாதாரணத் தவறு அல்ல. படித்தவர்கள் பலர் கூடித் தலையாட்டி வளர்த்த தவறு. பாட்டால் பயம் போகாது என்பதை ஒரு முறை தொங்கிப் பார்த்த எவரும் சொல்லிவிடுவார். தவிர, நீர்க்கல் ஊரில் பாடுவது தொங்குகிறவரே அல்ல. பாறைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஊரார்தான் பாடுகிறார்கள். தொங்குகிறவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். இதற்குக் காரணம் உண்டு.

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களும் பேசின. தேனீக்கள் கொஞ்சம் அதிகமாகவே பேசின. அப்போது கரடியும் தேன் எடுத்தது, மனிதனும் எடுத்தான். கரடி ஒரு தேனடையைக்கூட விட்டுவைக்காது. ஒருநாள் தேனீக்கள் நீர்க்கல் ஊராரைக் கூப்பிட்டு, "வருவது நீங்களா கரடியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புகைக்குள் இருவரும் ஒரே மாதிரிதான் இருக்கிறீர்கள்" என்றன.

ஊராருக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுக்க முடியவில்லை. கடைசியில் ஒரு பாட்டு என்று முடிவாயிற்று. முதலில் நாங்கள் யார், எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். பிறகு அந்த ஆண்டுத் தேனுக்குப் பூ கொடுத்த மரங்களைப் பூத்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். இலவு, முருக்கு, புங்கம், நாவல், மருது என்று அது போகும். கரடிக்கு வரிசை நினைவில் நிற்காது. முடிவில், உங்களுக்கு எதை விட்டுப்போகிறோம் என்று வாக்குக் கொடுக்க வேண்டும்.

"ஒரு முறை பாடினால் போதாது. இந்த ஆண்டு இருக்கும் ஈ அடுத்த ஆண்டு இருக்காது. ஒவ்வொரு முறையும் முழுதாகப் பாடுங்கள். நடுவில் நின்றால் கரடி என்றே எடுத்துக்கொள்வோம்" என்றன தேனீக்கள்.

அதனால் ஊரே பாட்டைக் கற்றது. சாயங்காலமானால் களத்தில் தீ மூட்டிப் பாடுவார்கள். பிள்ளைகள் புங்கத்துக்கு முன்னால் நாவலைப் பூக்க வைப்பார்கள். யாராவது சிரிப்பார்கள், இன்னொருவர் சரியாகச் சொல்லிக் கொடுப்பார், பாட்டு மேலே போகும்.

அப்படி இருக்கும்போதுதான் பெள்ளன் தலையெடுத்தான். அவன் குரல் நல்ல குரல். அவன் காது அதைவிட நல்ல காது, கேடு அங்கேதான் வந்தது. யார் பாடினாலும் கையை உயர்த்துவான்.

"கெம்பி, முருக்கை இழுக்காதே. அது மரமா, மாட்டுக் கயிறா?"

"ஜவரா, உன் புங்கம் ஊருக்கு முன்னால் பூத்துவிட்டது. போய் மூடிவிட்டு வா."

களம் சிரிக்கும். கெம்பி அதற்குப் பிறகு பாடவில்லை. ஜவரனும் விட்டான். பெள்ளனின் மனைவி சிக்கி ஒருநாள் அடுப்படியில் கடைசி அடியை முணுமுணுத்தாள். அவன் வெளியே வந்து, ஊர் கேட்க, அவள் ராகத்தை அப்படியே பாடிக் காட்டினான். அன்றைக்கு அவள் வாயை மூடியவள்தான். கொஞ்சக் காலத்தில் பாட்டில் தவறே இல்லாமல் போயிற்று. பாடுகிறவன் ஒருவன்தான் என்றால் தவறு எங்கிருந்து வரும்?

அந்த ஆண்டு மருது பூத்து முடிந்ததும் ஊரார் எல்லோரும் தேன் எடுக்கப் போனார்கள். கொடியேணியைப் பாறைக்கு மேலிருந்த மரத்தில் கட்டி, பெள்ளன் புகைப்பந்தத்தோடு இறங்கினான். கட்டுக்குக் காவல் அவன் மச்சான் கெஞ்சன், சிக்கியின் அண்ணன். ஏணிக்கு மனைவியின் உடன்பிறந்தவனைக் காவல் வைப்பது அந்த ஊர் வழக்கம். தங்கையின் தாலிமேல் அவனுக்கு இருக்கும் அக்கறை வேறு யாருக்கு இருக்கும்?

"மச்சான், கட்டு பலம்தானே?" என்று கீழிருந்து கேட்டான் பெள்ளன்.

"நீ என் நாவல் பாட்டைக் கேட்டுச் சிரித்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அதை நினைத்துக்கொண்டே இறங்கு."

பெள்ளன் சிரித்துக்கொண்டே பாட ஆரம்பித்தான். ஊர்ப் பெயர் சொன்னான், இலவு சொன்னான். தேனீக்கள் விலகி வழிவிட்டன. அப்போது காற்று திரும்பியது. பந்தத்தின் புகை முழுவதும் அவன் வாய்க்குள் போனது. இருமினான். மறுபடி வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

தேனீக்கள் காத்திருந்தன.

"இலவுக்கு அடுத்து?" என்றது ஒன்று.

பெள்ளன் வாயை அசைத்தான். கரகரப்புதான் வந்தது.

"உறுமுகிறது. கரடி" என்றது இன்னொன்று. பாறையில் ஒட்டியிருந்த கூட்டம் அலைபோல் எழுந்தது. சில ஈக்கள் கொடியேணி வழியே மேலே ஏறத் தொடங்கின. இழுக்கவும் முடியாது, ஏணி அசைந்தால் அத்தனையும் அவன்மேல் விழும்.

"யாராவது பாடுங்கள்!" என்று கத்தினான் கெஞ்சன். ஒருவரும் வாய் திறக்காததால் தானே "நாவல்!" என்று கூவினான். ஓர் ஈ வந்து அவன் மூக்கில் கொட்டியது. கட்டைப் பிடித்த கையை அவன் எடுக்கவில்லை. கண்ணீர் மட்டும் ஓடியது.

"எனக்கு முழுப் பாட்டும் தெரியாதே" என்றாள் கெம்பி.

"தெரிந்ததைப் பாடு, அக்கா!" என்றான் கெஞ்சன்.

கெம்பிக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெள்ளன் கேலி செய்த அந்த முருக்கு. மாட்டுக் கயிறு என்று அவன் சொன்ன நாளிலிருந்து, தண்ணீர் எடுக்கும்போதும் கிழங்கு தோண்டும்போதும் அதை மனத்துக்குள் சரிசெய்துகொண்டே இருந்தவள் அவள். பாடினாள். எழுந்த கூட்டம் அப்படியே நின்றது.

"அடுத்து?"

புங்கத்தை ஜவரன் பாடினான், சரியான இடத்தில். நாவலுக்கு அவமானப்பட்டவன் கெஞ்சன். வீங்கிய மூக்கோடு அதை இப்போது உரிய இடத்தில் வைத்தான். மருதுக்கு இரண்டு வீட்டார் இருந்தார்கள், சேர்ந்தே பாடினார்கள். ஊரில் ஒவ்வொருவரும் தாங்கள் தலைகுனிந்த அடியை மட்டும் மறக்காமல் வைத்திருந்தார்கள்.

மீதி இருந்தது வாக்குக் கொடுக்கும் அடி.

"எங்களுக்கு எதை விடுவீர்கள்?" என்றன தேனீக்கள். ஒன்று பெள்ளனின் இமைமேல் உட்கார்ந்தது.

எல்லோரும் சிக்கியைப் பார்த்தார்கள். அவள் பாறை விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தாள். பெள்ளன் அண்ணாந்து பார்த்தான்.

"சிக்கி, பாடும்மா" என்றான் கெஞ்சன். "எனக்குக் கை மரத்துவிட்டது."

"அது தப்பு ராகம், அண்ணா. ஊருக்கே தெரியும்."

"தெரிந்தால் தெரியட்டும்!"

சிக்கி பாடினாள். சரியாகப் பாடவில்லை. அன்று அடுப்படியில் பாடிய அதே ராகத்தில், உயர வேண்டிய இடத்தில் தாழ்ந்து பாடினாள். கீழடை உங்களுக்கு, குஞ்சிருக்கும் அடை உங்களுக்கு, நாங்கள் மேலடையோடு போகிறோம் என்று முடித்தாள். கீழே தொங்கியவன் முகம் பழக்கதோஷத்தில் சுளித்தது. திருத்துவதற்குத்தான் குரல் இல்லை.

தேனீக்கள் தங்களுக்குள் வெகுநேரம் பேசின.

"ராகம் வேறாக இருக்கிறதோ?"

"இருக்கலாம். நாம் இந்த ஆண்டு ஈக்கள், பழைய ராகத்தை எங்கே கண்டோம்? கீழடை நமக்கு என்கிறாள் அல்லவா?"

"என்கிறாள்."

"அப்படியானால் மனிதர்கள்தான்."

இமைமேல் இருந்த ஈ எழுந்து பறந்தது. பெள்ளன் மேலடையை மட்டும் அறுத்துக்கொண்டு ஏறி வந்தான். சில நாளில் அவனுக்குக் குரல் திரும்பியது. ஆனால் களத்தில் அவனுக்கென்று எந்த அடியும் மீதியில்லை. அவன் பாடிய ஊர்ப் பெயரும் இலவும் உட்பட எல்லாவற்றுக்கும் அதற்குள் வீடு கிடைத்துவிட்டிருந்தது.

அந்த நாள் தொட்டுத்தான் நீர்க்கல் ஊரில் பாட்டு வீட்டுக்கு ஓர் அடியாக இருக்கிறது. தொங்குகிறவர் புகைக்கு வாயை மூடிக்கொள்ள, மேலே இருப்பவர்கள் பாடுகிறார்கள். பிள்ளைகள் அதைக் கற்க ஒவ்வொரு வாசலுக்கும் போகிறார்கள். வாக்கு அடியைச் சிக்கியின் வழிவந்தவர்கள் இன்றும் தாழ்த்தியே பாடுகிறார்கள். போன பருவத்தில் புங்கத்து வீட்டார் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை யாரும் பாறையில் இறங்கவில்லை.