முப்பத்திரண்டில் ஒன்று

சென்னியப்பனுக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய குரு கோகிலவாணிக்கு முப்பத்துநான்கு. கணபதி என்ற பகுதியில் ஒரே ஒரு லேத் மெஷினை வைத்துக்கொண்டு பட்டறை நடத்துகிறவர். கடைசல் வேலை கற்றுக்கொள்ள சென்னியப்பன் அங்கே போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது.

அதற்கு முன் முப்பத்தாறு வருடம், எடைக்கற்களையும் அளவுகோல்களையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அவர். கடைவீதியில் அவர் தலையைக் கண்டால் தராசுகள் தாமாகவே நேராகிவிடும் என்பார்கள்.

அவருக்கு ஆசை ஒன்றுதான். மேசைமேல் வைக்கிற அளவில் ஒரு நீராவி எஞ்சின் செய்து ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பழைய புத்தகக் கடையில் அதற்கான வரைபடம் கிடைத்தது. ஆறு தாள். நாற்பத்தொரு உறுப்புகள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு அளவுகள். எண்கள் எல்லாம் தெளிவாகவே இருந்தன. எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்துதான் பிடிபடவில்லை. மில்லிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை. எந்த நாட்டு எழுத்தோ.

பதினொரு மாதம் அவர் எதையும் அறுக்கவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டார். பதினேழு கடிதம் போட்டதில் பதில் வந்தது நான்கு. நான்கும் நான்கு நீளம் சொல்லின.

ஒரு திங்கட்கிழமை காலை, அந்த நான்கு பதில்களோடும் ஒரு வெண்கலக் கட்டியோடும் பட்டறைக்கு வந்தார்.

"அம்மணி, இந்த நாலுல எதுங்க சரி?"

"தப்பானதை எடுத்துட்டா என்னங்கய்யா ஆகும்?"

"கட்டி ஒண்ணுதான் இருக்குது. ஓய்வு பெற்றப்ப, மோதிரம் வேண்டாம், வெண்கலம் வாங்கிக் குடுங்கன்னு ஆபீஸ்ல கேட்டு வாங்கினது. சிலிண்டருக்கு இதை விட்டா வேற கெடையாது. தப்பா அறுத்துட்டா என் எஞ்சின் அதோட சரி."

குரு கட்டியை வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"படத்துல சிலிண்டர் என்ன உயரம்?"

"முப்பத்திரண்டு."

"முப்பத்திரண்டு என்னங்க?"

"அதுதானே அம்மணி தெரியல."

குரு ஒரு பித்தளைப் பட்டையை எடுத்தார். கட்டியை அதன்மேல் படுக்கவைத்து, இரண்டு முனையிலும் கோடு கீறினார். டிவைடரால் அந்த நீளத்தைப் பாதியாக்கினார். பாதியைப் பாதியாக்கினார். அப்படி ஐந்து முறை. பிறகு பட்டையை அவரிடம் நீட்டினார்.

"இந்தாங்க. இதுல ஒரு கட்டம்தான் உங்க ஒண்ணு."

சென்னியப்பன் கட்டங்களை எண்ணினார். முப்பத்திரண்டு இருந்தன. இன்னொரு முறையும் எண்ணினார்.

"இந்த அளவுக்குப் பேரு என்னங்க?"

"இன்னும் பேரு வெக்கலைங்க."

"இப்படி ஒரு கோலைக் கடையில பாத்திருந்தா அங்கியே பறிமுதல் பண்ணியிருப்பேன். மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு கோல் பறிமுதல் பண்ணியிருக்கேன்."

"எஞ்சின் முடியட்டுங்க. இருநூத்திப் பதிமூணா இதையும் சேத்துக்குங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கட்டியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"மாட்டுங்கய்யா," என்றார் குரு. "பத்து மணிக்குக் கரண்டு போயிரும்."

சென்னியப்பன் கட்டியை லேத்தில் மாட்டினார். முதல் சுருள் வெண்கலம் உதிர்ந்தது.

பிஸ்டனைச் சக்கரத்தோடு இணைக்கும் சாய்தண்டு பதினெட்டு, வால்வு ஏழு, சக்கரம் அறுபது. எல்லாம் அந்தப் பட்டையிலேயே அளந்தார். ஒன்றோடொன்று பூட்டும்போது ஒன்றும் முரண்டு பிடிக்கவில்லை. பிஸ்டனுக்கு வந்தபோது மட்டும் குரு பட்டையை வாங்கி மேசைக்குள் போட்டுவிட்டார்.

"இதுக்கு எந்தக் கோலும் வேண்டாங்க. சிலிண்டர் துளைக்குள்ள விட்டுப் பாருங்க. இறுகினா தேய்ங்க."

இருபத்து மூன்று முறை விட்டு எடுத்துத் தேய்த்தார். இருபத்து நான்காவது முறை, துளையின் அடியை விரலால் மூடிக்கொண்டு பிஸ்டனை விட்டார். அது தன் எடையில், தூங்குகிறவர் மூச்சைப் போல மெதுவாக இறங்கியது.

ஐந்தாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, நாற்பத்தொன்றாவது உறுப்பையும் பூட்டி முடித்தார். கொதிகலனில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். ஒன்பது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் எங்கேயோ 'ஸ்' என்றது. சென்னியப்பன் சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினார். அது பாதி சுற்றி, தயங்கி, மேலே ஏறி, பிறகு அவர் விரலைக் கேட்கவே இல்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்துப் பட்டறை வெல்டர் துரைக்கண்ணு எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, மேட்டுப்பாளையத்துக்கு ஒரு டிக்கெட் கெடைக்குமா?"

"நின்னுக்கிட்டுத்தான் வரணும், பரவாயில்லையா?" என்றார் சென்னியப்பன்.

அவர் சுற்றுகளை எண்ணத் தொடங்கினார். நூற்று நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. திரும்ப எண்ண அவருக்குத் தோன்றவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். குருவும் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து சென்னியப்பன் அவர் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, ஒரே ஒரு சந்தேகம். வரைஞ்சவர் நெனச்ச எஞ்சினை விட நம்முளுது சிறுசுங்களா, பெருசுங்களா?"

"எஞ்சின் நிக்கட்டுங்க. அளந்து சொல்றேன்."

விளக்கின் சுடர் குறுக ஆரம்பித்திருந்தது. சென்னியப்பன் இன்னொரு விளக்கை ஏற்றி, கொதிகலனுக்கு அடியில் தள்ளிவைத்தார்.