எல்லா வரியும் வேண்டும்

"ஒரு வரி விடாமல் எல்லாம் வேண்டும், கோளாறு மட்டும் பளிச்சென்று தெரிய வேண்டும்! இதுகூட முடியாதா உன்னால்?" என்று கத்தினார் சபேசன். பஸ் டிக்கெட் மெஷினை உள்ளிருந்து இயக்கும் கெர்னல் மென்பொருளை எழுதும் கம்பெனியின் தலைவர் அவர். மெஷின்கள் நடுவழியில் நின்றுபோகின்றன. மெஷின் தன் ஒவ்வொரு அசைவையும் வரிவரியாக எழுதிவைக்கும் லாகில்தான் காரணத்தைத் தேட வேண்டும். மதியத்துக்குள் காரணம் சொல்லாவிட்டால் புதிதாகச் சேர்ந்த தமயந்திக்கு வேலை போய்விடும்.

"முடியும் சார். நிமிஷத்துக்கு இருபதாயிரம் வரி லாகில் கொட்டினால் யார் படிப்பது? பகுதிவாரியாக அணைக்க ஸ்விட்ச் வைத்திருக்கிறேன்."

"என் லாகிலேயே கைவைப்பாயா?"

"அழிக்கவில்லை சார். வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம்."

பேட்டரி எழுதும் வரிகளை அணைத்தாள், பிரிண்டருடையதை அணைத்தாள், சிம்முடையதையும் அணைத்தாள். திரை அடங்கவேயில்லை. ஒரு பொத்தானையும் யாரும் தொடாதபோதே கீபேட் "நான் தயார், நான் தயார்" என்று கொட்டிக்கொண்டிருந்தது.

"இதை எழுதியே மெஷின் மூச்சுமுட்டி நிற்கிறது சார்."

"எந்த அறிவுகெட்டவன் எழுதினான் இதை?"

தமயந்தி கீபேடுக்கான நிரலைத் திறந்தாள். உச்சியில் சபேசனின் பெயர் இருந்தது, பத்து வருஷத்துக்கு முந்தைய தேதியோடு. அவர் எழுதியதை அவர் கையெழுத்தில்லாமல் யாரும் தொடக்கூடாது என்பது அந்தக் கம்பெனி வழக்கம். மரியாதையாம்!

தமயந்தி பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

"அணைக்கிறேன் சார், ஒரு கையெழுத்துப் போடுங்கள்."

பேனா நீட்டியபடியே இருந்தது.