ஓய்ந்துபோன போன்

அரிசி ஆலை முதலாளி தாண்டவராயருக்கு ஓயாமல் விளம்பர அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் வந்தன. ஓர் எண்ணை பிளாக் செய்தால் வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டார்கள்.

அவர் பின்னால் போனை ஏந்தி நடப்பதுதான் வேலாயியின் வேலை.

“நாளைக்குள்ள இது நிக்கணும். போனை அணைக்கக் கூடாது, நம்பரை மாத்தக் கூடாது. இல்லேன்னா வேலைக்கு வராதே” என்றார் முதலாளி.

அந்த வேலையை நம்பித்தான் வேலாயி வீட்டில் உலை கொதித்தது. கொஞ்சம் யோசித்தாள்.

“அய்யா, கூப்பிடுறவங்களைத் திட்டாதீங்க. நீங்க ஆலை முதலாளிங்க சங்கத் தேர்தல்ல ஜெயிச்ச கதையை எங்களுக்குச் சொல்ற மாதிரியே அவங்களுக்கும் சொல்லுங்க.”

முதலாளிக்கு உச்சி குளிர்ந்தது. மறுநாள் காலையிலிருந்து கூப்பிட்டவர்களுக்கெல்லாம் வேட்புமனுவில் ஆரம்பித்து விலாவாரியாகச் சொன்னார். பாதியில் போனை வைத்தவர்களைத் தானே திரும்பக் கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

சாயங்காலம் போன் ஓய்ந்தது. கடைசியாக ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது: “அய்யா, உங்கள் எண்ணை நாங்கள் பிளாக் செய்துவிட்டோம். தயவுசெய்து இனி கூப்பிடாதீர்கள்.”

“பயந்துட்டானுங்க. நீ நல்லா இருக்கணும் தாயி” என்று முதலாளி மனதார வாழ்த்தினார்.

ஆலையாட்கள் பதினான்கு பேரும் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எத்தனையோ வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர்கள் அந்தக் கதையைக் கேட்காமல் வேலை பார்த்திருந்தார்கள்.