பல்புக்கு அடியில் ஒரு குட்டிக்கொடி

ஒரு ஊர்ல ஒரு உருளைக்கிழங்குச் செடி இருந்துச்சாம், யாழி. எந்த ஊரா? கொடைக்கானலுக்கும் மேல, பேசினா வாயிலேருந்து புகை வருமே, அந்த மாதிரிக் குளிர் ஊரு. ம் சொல்லு. ம் சொன்னாதான் அம்மா மேல சொல்லுவேன்.

அந்தச் செடிக்கு அடியில, மண்ணுக்குள்ள, வெள்ளையா நூல் மாதிரி ஒரு குட்டிக்கொடி. அதுக்கு ஒரே ஆசை. உன் கன்னம் மாதிரி புசுபுசுன்னு உப்பி, உருளைக்கிழங்காகணும். உறைபனி விழுந்து செடி கருகறதுக்குள்ள ஆயிடணும். இல்லேன்னா நூலாவே மக்கிப் போயிடும், பாவம்.

ஆனா பக்கத்துலயே ஜிப்ரலின் மாமா உட்கார்ந்திருந்தார். செடிக்குள்ள ஓடுற ஹார்மோன் அவரு. அவருக்குத் தெரிஞ்சது ஒரே வார்த்தைதான். "நீளு, நீளு."

"மாமா, நான் குண்டாகணும்."

"மேலேருந்து சேதி வரட்டும். அதுவரைக்கும் நீளு."

சரசரன்னு கொடி நீண்டுட்டே போச்சு.

மேலேருந்துன்னா, இலை அக்காகிட்டேருந்து. இலைக்குள்ள ஜீன்னு ஒண்ணு இருக்கு. உனக்கு அப்பா மாதிரியே சுருட்டை முடி வந்துச்சுல்ல, அதுவும் ஜீன் வேலைதான். இந்த ஜீன் இருக்கே, ராத்திரி குட்டையா இருந்தா தூங்கிட்டே இருக்கும். ராத்திரி நீளமா, நல்ல இருட்டா வந்தாதான் முழிக்கும். முழிச்சதும் ஒரு தூதனைச் செஞ்சு, தண்டு வழியா குடுகுடுன்னு கீழ அனுப்பும்.

ஆனா தோட்டத்துக்காரி பாக்கியத்துக்குப் பயம். காட்டுப்பன்னி வந்து கிளறிடுமோன்னு செடிக்கு நேர் மேல பெரிய பல்பா மாட்டிட்டா. விடிய விடிய எரியுது.

குட்டிக்கொடி கேட்டுச்சு, "அக்கா, தூதன் கிளம்பியாச்சா?"

"எங்கடா, இன்னும் பொழுதே சாயலையே."

அப்புறம் மூடுபனி மெத்து மெத்துன்னு இறங்கி, பல்பைப் பொத்திப் பார்த்துச்சு. வெளிச்சம் பால் மாதிரி இன்னும் பரவுச்சு. மாமா சொன்னார், "நீளு."

அப்போ ஒரு நாள் காத்து. உய்ய்ய்ய். மரம் சாஞ்சு கம்பி மேல மடார். கரண்ட் போச்சு. ரோட்டுல மண்ணு சரிஞ்சு கிடக்கு, லைன்மேன் எப்படி வருவாரு? நாளாச்சு. தினமும் இருட்டு.

பாக்கியம் தகர டப்பாவோட வரப்புல உட்கார்ந்துட்டா. அவ வீட்டுக்காரன் முத்தையா சிரிச்சான். "இருட்டுன்னாலே ஆகாது உனக்கு. நீ காவலா?"

"நான் பயப்படறது பன்னிக்குத் தெரியவா போகுது?" டம டம டம. பன்னி ஓடின ஓட்டத்துல முத்தையாவும் கொஞ்ச தூரம் ஓடிட்டான்.

ம்? சிரிக்கிறியா, தூங்குறியா?

அப்போதான் மேல ஜீன் கண்ணைக் கசக்கிட்டு முழிச்சுது. தூதன் குடுகுடுகுடுன்னு இறங்கி வந்தான். "மாமா, போதும்." மாமா எழுந்து துண்டை உதறிட்டுக் கிளம்பிட்டார். சைட்டோகைனின் அத்தை வந்தா. அவளும் ஹார்மோன்தான். "ஒண்ணு ரெண்டாகு, ரெண்டு நாலாகு." இலை அக்கா சர்க்கரையா அனுப்பி வைக்க, குட்டிக்கொடி அதை மாவாக்கிச் சேர்த்து வச்சுது. நுனி உப்புச்சு. மிளகு அளவு.

அன்னைக்குன்னு பார்த்து, பளிச். கரண்ட் வந்துடுச்சு. இலை அக்காவுக்கு அழுகையே வந்துடுச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல உறைபனி.

ஆனா பாக்கியம் அன்னைக்குத்தான் மண்ணைக் கிளறிப் பார்த்திருந்தா. "ஏங்க, பல்பை அணைங்க."

"பன்னி?"

"அதுக்கு டப்பா இருக்கு. பல்பு எரிஞ்ச வரைக்கும் வெறும் நூலு. இருட்டுல விட்டதும் முண்டு விட்டிருக்கு பாருங்க."

டக். அணைஞ்சுது.

அப்புறமென்ன, மிளகு கோலியாச்சு, கோலி எலுமிச்சையாச்சு, எலுமிச்சை பாக்கியத்தோட மூடின கை அளவு ஆச்சு. அதுக்கப்புறம்தான் உறைபனி வந்துச்சு. இலையெல்லாம் கருகுச்சு. பாக்கியம் மண்வெட்டியை எடுத்துட்டு வந்தா. சதக், சதக். பொத்துன்னு வெளிய விழுந்தான் நம்ம ஆளு, கன்னமெல்லாம் மண்ணு. "யப்பா, எவ்வளவு கனம்"னு பாக்கியம் தூக்கிக் காட்ட, முத்தையா டப்பாவைத் தட்டி ஆடினான். டம டம டம.

யாழி? தூங்கிட்டியா?

"ம்ம். அம்மா, லைட்டை அணைச்சிடு. நான் பெருசாகணும்."

அம்மாவுக்கு இருட்டுன்னா பயமாச்சேடி.

"டப்பா எடுத்துட்டு வரவா?"

வேண்டாம்டா. கை குடு, அது போதும். டக். பாரு, அணைச்சாச்சு. கதை மண்ணுக்குள்ள போயாச்சு, நீ போர்வைக்குள்ள போ.