கூடையின் அடிப்பக்கம்

"காயைக் கழுவு, கையைக் கழுவு, அப்புறம்..." போன கோடையில் காட்டுக் கூட்டத்தில் கிழ யானை மூன்றாவதாக ஏதோ சொன்னது. அந்த நேரம் பார்த்துத் தேனடை பரிமாறிவிட்டார்கள். கரடிக்கு முதல் இரண்டுதான் நினைவில் நின்றன.

அந்த இரண்டில் கரடி குறை வைக்கவில்லை. ஓடைக்கரையில் அது வெள்ளரி போட்டிருந்தது. முதலில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும். பிறகு காய்களை ஊற்றுத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் கழுவும்.

"இப்படித் தேய்ச்சா முடியெல்லாம் கொட்டி மனுஷன் ஆயிடுவே அண்ணே!" என்று குரங்கு கேலி செய்யும்.

கரடி சிரிக்காது. எங்கோ ஒரு தோட்டத்துக் காயைத் தின்று போன வருஷம் மானின் இரண்டு குட்டிகளும் வயிற்றுப்போக்கில் படுத்தன. ஒன்று எழுந்திருக்கவே இல்லை. மிஞ்சிய குட்டிக்குத்தான் மான் இன்று காய் கேட்டிருந்தது. "உங்க தோட்டத்தை மட்டும்தான் நம்புறேன்" என்று சொல்லியிருந்தது.

குரங்கு மூன்று கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. எருமை முதுகில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

"கரடியண்ணே, ஏத்தாதீங்க!" என்று கீழிருந்து ஒரு குரல். கூடை நிழலில் ஒரு தேரை!

"கூடைப் பக்கம் யாரும் வரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" கரடி உறுமியது.

"சொன்னீங்க. அதுக்குப் பயந்துதான் இத்தனை நாள் வாயைத் திறக்கல. திறந்தா இந்தக் கூடை நிழல்ல எனக்கு இருக்கிற இடம் போயிடும். ஆனா அந்தக் குட்டிக்கு ஏதாவது ஆயிட்டா?"

"பூச்சி தின்னுற வாய்க்கு நியாயம் வேற!" என்றது குரங்கு.

தேரை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "கூடையோட அடிப்பக்கத்தை என்னைக்காவது பார்த்திருக்கீங்களா அண்ணே? கீழே கிடக்கிற நான் தினமும் அதைத்தான் பார்க்கிறேன். காட்டுப்பன்றி நடந்த தரையில கூடையை வைக்கிறீங்க. அப்படியே தூக்கி, கழுவின காய் மேல அடுக்குறீங்க!"

கரடி மேல் கூடையைத் தூக்கிப் பார்த்தது. கீழே இருந்த வெள்ளரிகள் மேல் மூங்கில் பின்னலின் அச்சு சேறாகப் பதிந்திருந்தது. மோந்தால் பன்றி விட்டை நாற்றம்.

"அட! கூடையைக் கழுவு... யானை சொன்ன மூணாவது இதுதானோ!" என்றது கரடி.

"இதுக்குப் போயா? தொட்டியில இன்னொரு முக்கு முக்கினா போச்சு!" என்றது குரங்கு.

"முக்கினா தொட்டித் தண்ணியும் கெடும். அதுல விழுற அத்தனை காயும் கெடும்" என்றது கரடி.

மூன்று கூடைக் காய்களையும் அது குழி தோண்டிப் புதைத்தது. தானே மானிடம் போய் நடந்ததைச் சொன்னது. "ரெண்டு நாள் பொறுத்துக்கம்மா."

மானுக்குக் கண் கலங்கியது. "பசியைத் தாங்கிடுவா என் மக. அந்தத் தேரைக்கு என் கும்பிடைச் சொல்லுங்க."

கரடி திரும்பி வந்து தேரை முன் உட்கார்ந்தது. "உன் வாயை அடைச்சது என் உறுமல்தான் தம்பி. நீ பேசலைன்னா அந்தத் தாய் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? உனக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்."

தேரை வெட்கத்தில் கன்னத்தை உப்பிக்கொண்டது.

நம் கண்ணுக்கு எட்டாத அழுக்கைக் காட்டுபவரை விரட்டாமல் நன்றியோடு கேட்பதே, பிறருக்கு உணவு கொடுப்பவரின் முதல் கடமை.

தேரை பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு கூடையும் தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது என்று கரடி முடிவு செய்தது.